சூடு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர்: ரோட்டரி என்ஜினின் கூலன்ட் பாதைகளைத் திருத்துவது

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி என்ஜின்களால் வளர்ந்த மண். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது; 2012இல் பாரத்பென்ஸ் லாரிகள் வெளிவந்தன; 2013இல் ராயல் என்ஃபீல்டு வந்தது. வல்லம் வடகாலில் 2015இல் யமஹா இறங்கியது. இத்தனை ஆலைகளுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் திருமுடிவாக்கம் வரை நீள்கின்றன. கேஸ்டிங், மெஷினிங், லீக் டெஸ்ட் என்று என்ஜினின் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அந்தக் கைகள் பழகியவை அனைத்தும் பிஸ்டன் என்ஜின்கள். ரோட்டரி என்ஜின் இந்தப் பகுதிக்குச் சாலை வழியாக வரவில்லை. வானத்தின் வழியாக வருகிறது. 2009 ஏப்ரலில் கோலார் அருகே ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம், இந்தியாவிலேயே உருவான 55 குதிரைத்திறன் வாங்கெல் ரோட்டரி என்ஜினுடன் முதன்முறையாகப் பறந்தது. பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகமும், அகமதுநகர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும், விமானத்தை வடிவமைத்த ஏ.டி.இ. ஆய்வகமும் சேர்ந்து செய்த வேலை அது. அதற்குமுன் நிஷாந்த் இறக்குமதி என்ஜினை நம்பியிருந்தது. இன்று ஆளில்லா விமானங்களுக்கான சோதனை மையத்துக்கு வல்லம் வடகால் சிப்காட் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது. சிறிய, எடை குறைந்த, அதிர்வு குறைந்த என்ஜினுக்கான தேவை இந்தத் தொழில் வட்டாரத்தின் வாசலுக்கே வந்துவிட்டது.

ரோட்டரியின் பலம் அதன் எடைக்குக் கிடைக்கும் சக்தி. அதன் பலவீனம் சூடு. ஒரே வெப்பநிலைமானியைப் பார்த்துக்கொண்டு ரோட்டரியைக் குளிரவைக்க முடியாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து. சராசரி வெப்பநிலையைக் குறைப்பதைவிட, ரோட்டரைச் சூழ்ந்த ஹவுசிங்கின் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளியைக் குறைப்பது முக்கியம். கூலன்ட் பாதையில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் அந்த அளவுகோலால் மட்டுமே மதிப்பிட வேண்டும்.

வெப்பம் ஓரிடத்தில் தங்குவது ஏன்?

பிஸ்டன் என்ஜினில் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் ஒரே சிலிண்டருக்குள் மாறிமாறி நடக்கின்றன. எரிந்து சுட்ட சுவரை அடுத்த சுற்றில் உள்ளே வரும் குளிர்ந்த கலவை நனைக்கிறது. ரோட்டரியில் அந்த ஆறுதல் கிடையாது. முக்கோண ரோட்டர் சுற்றும்போது ஒவ்வொரு வேலையும் ஹவுசிங்கின் ஒரு குறிப்பிட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது. உறிஞ்சும் பக்கம் எப்போதும் குளிர்ந்த காற்றைச் சந்திக்கிறது. ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும் பகுதியும், அங்கிருந்து எக்ஸாஸ்ட் துளை வரையிலான பகுதியும் எப்போதும் நெருப்பையே சந்திக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அடுப்பெரியும் தோசைக்கல்லின் நிலைதான் ஹவுசிங்குக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வு உலோகத்தை வளைக்கிறது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 23 மைக்ரான் விரியும். 100 மி.மீ. நீளமுள்ள இரு பகுதிகளுக்கிடையே 50 டிகிரி வித்தியாசம் இருந்தால், விரிவில் 0.11 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வரும். ரோட்டரின் முனைகளிலுள்ள ஏபெக்ஸ் சீல்கள் உரசிச் செல்லும், ஹவுசிங்கின் உட்புற டிரோகாய்டு பரப்புக்கு இது பெரிய எண். வடிவம் கெட்டால் சீல் துள்ளும், அழுத்தம் கசியும். கசிந்த நெருப்பு மேலும் சூட்டைக் கூட்டும்.

இரண்டாவது ஆபத்து விரிசல். ஸ்பார்க் பிளக் துளையைச் சுற்றியுள்ள உலோகம் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. என்ஜின் ஆறும்போது அதே இடம் எதிர்த்திசையில் இழுபடுகிறது. பல நூறு முறை இது நடந்தபின் பிளக் துளையிலிருந்து தண்ணீர் ஜாக்கெட்டை நோக்கி மயிரிழை விரிசல் ஓடுகிறது.

மூன்றாவது, கூலன்ட் சீல். ரோட்டர் ஹவுசிங்கையும் சைடு ஹவுசிங்கையும் அடுக்கிவைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்குவது ரோட்டரியின் கட்டுமானம். ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையம்தான் தண்ணீரை எரியறையிலிருந்து பிரிக்கிறது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே அந்த வளையம் இறுகி, தன் மீள்தன்மையை இழந்துவிடும். பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, குறையும் தண்ணீர் என்று அறிகுறிகள் வரிசையாக வரும்.

முன்னோடிகள் கற்ற பாடங்கள்

ஃபெலிக்ஸ் வாங்கெலின் முதல் சோதனை என்ஜின் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957இல் ஓடியது. 1967இல் ஜப்பானின் மாஸ்டா, காஸ்மோ ஸ்போர்ட் காரில் இரட்டை ரோட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்த 13பி என்ஜின்தான் இன்றும் உலகெங்கும் பட்டறைகளில் அதிகம் பிரிக்கப்படும் ரோட்டரி. அதில் ஹவுசிங்கைத் தண்ணீரும், ரோட்டரின் உட்புறத்தை எண்ணெயும் குளிர்விக்கின்றன. கூலன்ட் என்ஜினின் நீளவாக்கில், ஒவ்வொரு ஹவுசிங்கையும் ஊடுருவிச் செல்கிறது. எனவே ஓர் இணைப்பில் துளைகள் சரியாகப் பொருந்தாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாப் பகுதிகளும் அதன் விளைவைச் சுமக்கும்.

இங்கிலாந்தின் நார்ட்டன் வேறொரு பாதையில் அதே முடிவுக்கு வந்தது. 1987இல் வெளியான அதன் ரோட்டரி பைக் ‘கிளாசிக்’ காற்றால் குளிர்ந்தது. அடுத்த ஆண்டே வந்த ‘கமாண்டர்’ தண்ணீருக்கு மாறியது. 1992இல் ஸ்டீவ் ஹிஸ்லப் ஐல் ஆஃப் மேன் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றது நார்ட்டன் ரோட்டரியில்தான். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடவேண்டிய என்ஜினுக்கு, சூடான பக்கத்தில் காற்று மட்டும் போதாது.

2023இல் மாஸ்டா தன் எம்.எக்ஸ்-30 காருக்காக ஒற்றை ரோட்டர் கொண்ட 830 சி.சி. என்ஜினைக் கொண்டுவந்தபோது, சைடு ஹவுசிங்கை வார்ப்பிரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியது. எடை குறைந்ததோடு வெப்பக் கடத்தலும் மாறியது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 வாட் வெப்பம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. தடிமனுள்ள அலுமினியச் சுவரில் உட்புறத்துக்கும் தண்ணீர்ப்புறத்துக்கும் சுமார் 53 டிகிரி வித்தியாசம் இருக்கும். அதே தடிமனில் வார்ப்பிரும்பு என்றால் ஏறத்தாழ 160 டிகிரி. கூலன்ட் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், உலோகம் வழிவிடும் அளவுக்குத்தான் சூடு வெளியேறும்.

உள்ளூர் உதாரணமும் உண்டு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் கொண்ட ராயல் என்ஃபீல்டு, பல பத்தாண்டுகள் காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் என்ஜின்களையே செய்துவந்தது. 2023 நவம்பரில் வந்த 452 சி.சி. ஹிமாலயன்தான் அதன் முதல் தண்ணீர்க் குளிர்வு பைக். சக்தி 40 குதிரைத்திறன். தண்ணீர் ஜாக்கெட்டுக்கான மணல் கோர், அதன் சுத்தம், கசிவுச் சோதனை ஆகியவை இந்த வட்டாரத்துக்குப் பழகிய வேலைகள். ரோட்டரிக்குத் தேவையானதும் அதே கைத்திறன்தான். மாற வேண்டியது வெப்பம் இருக்கும் இடத்தைப் பற்றிய புரிதல்.

வெட்டுமுன் அளவெடுங்கள்

சூடேறும் ரோட்டரியைக் கண்டதும் டை கிரைண்டரை எடுப்பது பெரிய தவறு. பாதையில் குறை இல்லாமலேயே என்ஜின் சூடேறக்கூடிய காரணங்கள் ஏராளம். முதலில் அவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? 0.9 பார் மூடி சரியாக வேலைசெய்தால் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; மூடி கசிந்தால் 100 டிகிரியிலேயே நீராவிதான். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கிறதா? ரேடியேட்டருக்கும் அதன் முன்னுள்ள காற்றுவழிக்கும் இடையே இடுக்கு இருந்து, காற்று ஓரமாக நழுவிப் போகிறதா? எண்ணெய்க் கூலர் அடைத்திருக்கிறதா? இக்னிஷன் டைமிங் மாறியிருக்கிறதா, பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் உள்பாதையை எவ்வளவு செதுக்கினாலும் பயன் கிடைக்காது.

இவை எல்லாம் சரியென்றால் வெப்பநிலை வரைபடம் எடுக்கவேண்டும். ‘கே’ வகை தெர்மோகப்பிள்கள் போதும். குறைந்தது ஆறு இடங்கள் தேவை: இரண்டு பிளக்குகளின் அருகில் ஒவ்வொன்று, எக்ஸாஸ்ட் துளைக்கு மேலே ஒன்று, உறிஞ்சும் பக்கத்தில் ஒன்று, கூலன்ட் உள்ளே வரும் குழாயில் ஒன்று, வெளியேறும் குழாயில் ஒன்று. பிளக்கின் வாஷருக்கு அடியில் பொருத்தும் தெர்மோகப்பிளும் கிடைக்கிறது. ஹவுசிங்கில் துளையிடத் தயங்குபவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மானியை மட்டும் நம்பக்கூடாது. பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளிவிடுவதால், உண்மையைவிட மிகக் குறைந்த அளவையே அந்தக் கருவி காட்டும். அளக்கும் இடத்தில் மேட் கறுப்பு பெயின்ட் பூசினால் ஓரளவு நம்பலாம்.

அழுத்தமானியும் தேவை. ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் ஜாக்கெட்டுக்குள் உள்ள அழுத்தமும் ஒன்றல்ல. பம்ப் தள்ளும் பக்கத்தில் அழுத்தம் கூடுதலாகவும், உறிஞ்சும் பக்கத்தில் குறைவாகவும் இருக்கும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் விழுந்தால் பம்பின் இறக்கைகளில் நீராவிக் குமிழிகள் உருவாகி உடையும். ஓட்டம் திடீரென்று சரியும்.

எவ்வளவு தண்ணீர் தேவை?

பட்டறையில் ஒரு சிறு கணக்கு பல மணி நேரச் செதுக்கலை மிச்சப்படுத்தும். 55 குதிரைத்திறன் என்பது சுமார் 41 கிலோவாட். அதில் பாதியளவு வெப்பம், அதாவது 20 கிலோவாட், ஹவுசிங் வழியாகக் கூலன்ட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதித் தண்ணீரும் பாதி கிளைக்காலும் கலந்த கூலன்ட், ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 3.5 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். உள்ளே வரும் கூலன்ட்டுக்கும் வெளியேறும் கூலன்ட்டுக்கும் 6 டிகிரி வித்தியாசம் போதுமென்றால், நிமிடத்துக்குச் சுமார் 55 லிட்டர் ஓடவேண்டும். 12 டிகிரியை அனுமதித்தால் 28 லிட்டர் போதும்.

இந்த அளவு கிடைத்தபின் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 55 லிட்டர் எந்த வழியாக ஓடுகிறது என்பது. ஜாக்கெட்டின் மொத்தக் குறுக்குப்பரப்பு 24 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். தண்ணீர் சமமாகப் பரவினால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர்கூட இருக்காது. அதே தண்ணீரைச் சூடான பக்கத்திலுள்ள 6 சதுர சென்டிமீட்டர் வழியாகச் செலுத்தினால் வேகம் 1.5 மீட்டரைத் தாண்டும். வேகம் நான்கு மடங்கானால், சுவரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் திறன் தோராயமாக மூன்று மடங்காகும்.

இதற்கு விலை உண்டு. வேகம் நான்கு மடங்கானால் அந்தப் பகுதியில் அழுத்த இழப்பு 16 மடங்காகும். பம்பைப் பெரிதாக்கி மொத்த ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலோ, அதே சுற்றுக்கு எட்டு மடங்கு சக்தி தேவை. ஆகவே எல்லா இடத்திலும் வேகத்தைக் கூட்டுவது வீண். குளிர்ந்த பக்கத்தில் மெதுவாகவும், பிளக் பக்கத்தில் விரைவாகவும் ஓடும்படி பாதையை அமைப்பதே சரியான திருத்தம்.

சூடான சுவரில் சிறு குமிழிகள் எழுந்து உடனே கூலன்ட்டில் கரைவது கெடுதல் அல்ல. அது வெப்பத்தை வேகமாக எடுக்கிறது. குமிழிகள் கூடி ஒரு நீராவிப் படலமாகச் சுவரை மூடும்போதுதான் நிலைமை கைமீறுகிறது. படலம் விழுந்த இடத்தில் தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியாது. கூலன்ட் வேகமும் ஜாக்கெட் அழுத்தமும் அந்தப் படலத்தைத் தடுக்கும் இரண்டு காவல்கள்.

பாதையில் கைவைக்கும் ஐந்து வேலைகள்

1. சுத்தம். பழைய வார்ப்பிரும்பு ஹவுசிங்கின் உள்ளே துருவும், புதிய வார்ப்பில் கோர் மணலும், பிசிறும் ஒட்டியிருக்கும். போர்ஸ்கோப் கேமராவால் ஒவ்வொரு மூலையையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதையின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் வார்ப்புப் பிசிறை நீக்குவதே பல என்ஜின்களில் பாதிப் பலனைத் தந்துவிடும். இந்த வேலையில் சுவரின் தடிமன் குறைவதில்லை.

2. இணைப்புகளைப் பொருத்துதல். அடுத்தடுத்த இரு ஹவுசிங்குகளின் தண்ணீர்த் துளைகள் நேராகச் சந்திக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒரு முகத்தில் நீல மை தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் துளைகளின் விளிம்பைப் படியெடுத்து, எதிர் முகத்தில் வைத்தால் படிக்கட்டுபோல் நீளும் இடங்கள் தெரியும். அந்தப் படியைச் சரிவாக மாற்றினால் போதும். சீல் உட்காரும் தளத்திலிருந்து விலகியே கருவி ஓடவேண்டும்.

3. ஓட்டத்தைத் திருப்புதல். பலன் அதிகம் தரும் வேலை இது. பொறுமை தேவைப்படுவதும் இதற்குத்தான். இணையாக ஓடும் பாதைகளில் தண்ணீர் எளிதான வழியையே தேடும். உறிஞ்சும் பக்கத்தின் அகலமான துளைகள் வழியாகத் தேவையற்ற தண்ணீர் கடந்துபோகும். அந்தத் துளைகளில் சிறு ஓட்டையுள்ள தகடு அல்லது அடைப்பான் பொருத்தி, ஓட்டத்தை ஸ்பார்க் பிளக் பக்கம் தள்ளலாம். எந்தத் துளையையும் முழுதாக அடைக்கக்கூடாது. அடைத்த இடத்தில் காற்று தேங்கும். பெரிய ஓட்டையில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு தெர்மோகப்பிள்களின் அளவையும் குறித்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். தகடு பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். செதுக்கிய உலோகத்தை ஒட்ட முடியாது.

4. காற்றை வெளியேற்றுதல். என்ஜினைப் பொருத்தும் கோணத்தில் ஜாக்கெட்டின் மிக உயரமான புள்ளி எதுவென்று கண்டறிந்து, அங்கிருந்து ஒரு சிறு குழாயை மேல்நிலைத் தொட்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காரில் இருந்த என்ஜினைச் சாய்த்து வேறொரு சட்டத்திலோ விமான உடலிலோ பொருத்தினால் உயரமான புள்ளி இடம் மாறியிருக்கும். பழைய காற்றுத் துளை இப்போது பயன்படாது.

5. கூடுதல் வெளிவழி. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ரோட்டர்கள் உள்ள என்ஜினில், பம்புக்கு எதிர்முனையில் இருக்கும் ஹவுசிங் அதிகச் சூட்டைக் காட்டினால், அங்கிருந்து தனியாக ஒரு வெளிவழி கொடுக்கலாம். முதல் மூன்று வேலைகளும் முடிந்து, அதன்பிறகும் வித்தியாசம் நீடித்தால் மட்டுமே இதற்குப் போகவேண்டும்.

புதிதாக என்ஜினை வடிவமைப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. வார்ப்பில் திருத்துவதைவிட மணல் கோரிலேயே பாதையை அமைத்துக்கொள்ளலாம். கோரின் ஆதாரங்கள் பிளக் பக்கத்தில் வராதபடி பார்க்கவேண்டும். ஆதாரம் இருந்த இடத்தை மூடும் அடைப்பானும், அதைச் சுற்றிய தடித்த உலோகமும் அங்கே புதிய சூடான புள்ளியை உருவாக்கும். மணல் முழுதாக வெளியேறும் அளவுக்குத் துளைகளும் வேண்டும். உள்ளே மிஞ்சிய ஒரு கைப்பிடி மணல், பம்ப் சீலைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும்.

தொடக்கூடாத இடங்கள்

சீல் வளையம் உட்காரும் பள்ளமும் அதன் இருபுறக் கரைகளும் முதல் தடை. 13பி என்ஜினில் 1985 வரை இந்தப் பள்ளம் அலுமினிய ரோட்டர் ஹவுசிங்கில் இருந்தது. 1986 முதல் அதை வார்ப்பிரும்பு சைடு ஹவுசிங்குக்கு மாற்றினார்கள். இரு தலைமுறைப் பாகங்களையும் கலந்து பொருத்துபவர்கள் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கண்டிப்பாகச் சரிபார்க்கவேண்டும்.

பிளக் துளையைச் சுற்றியுள்ள கனமான உலோகம் அடுத்தது. அதை மெலிதாக்கினால் சூடு வேகமாகத் தண்ணீரை அடையும் என்பது கணக்கில் சரிதான். ஆனால் விரிசல் பிறக்கும் இடமும் அதுவே. தயாரிப்பாளரின் வரைபடத்தில் குறைந்தபட்சத் தடிமன் குறிப்பிடப்பட்டிருந்தால், மீயொலித் தடிமன்மானியால் அளந்து அந்த எல்லைக்குள் வேலைசெய்யலாம். வரைபடம் கையில் இல்லையென்றால், எரியறைக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையேயுள்ள சுவரில் ஒரு துளி உலோகத்தைக்கூட எடுக்கக்கூடாது.

போல்ட் துளைகளைச் சுற்றிய தூண்களும், ஜாக்கெட்டுக்குள் இருக்கும் விலா எலும்புகளும் ஓட்டத்தைத் தடுப்பதாகத் தோன்றும். போல்ட்டின் இறுக்கத்தை ஹவுசிங் முழுவதும் பகிர்ந்து தருபவை அவை. அவற்றை வெட்டினால் ஹவுசிங் வளைந்து, குளிர்விக்க முயன்ற கையே கசிவை உருவாக்கிவிடும்.

ரோட்டரை மறக்கவேண்டாம்

தண்ணீர் ஹவுசிங்கை மட்டுமே காக்கும். மாஸ்டா வகை என்ஜினில் ரோட்டரின் சூட்டை எண்ணெய்தான் சுமக்கிறது. என்ஜின் குளிர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயின் பொறுப்பு என்பது ரோட்டரி மெக்கானிக்குகளின் நடைமுறைக் கணக்கு. ஹவுசிங்கைச் சரிசெய்தபின்னும் சீல்கள் கருகினால் எண்ணெய்க் கூலரையும், எக்சென்ட்ரிக் ஷாஃப்டில் ரோட்டருக்கு எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகளையும் பார்க்கவேண்டும்.

ஆளில்லா விமானங்களுக்கான சிறு ரோட்டரிகள் பலவற்றில் ரோட்டர் காற்றால் குளிர்கிறது. ஹவுசிங்குக்குத் தண்ணீர், ரோட்டருக்குக் காற்று என்று இரண்டு தனிப் பாதைகள். நிஷாந்த் போன்ற விமானத்தில் புரொப்பல்லர் பின்னால் இருக்கிறது; ஏவுதளத்தின் தண்டவாளத்தில் நிற்கும்போது எதிர்க்காற்று கிடையாது. பறக்கும்போது போதுமான ரேடியேட்டர், தரையில் என்ஜின் ஓடும் நிமிடங்களில் போதாமல் போகலாம். வடிவமைப்பாளர் அந்தத் தரை நிமிடங்களுக்கும் கணக்குப் போடவேண்டும்.

எந்தத் தண்ணீர்?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதிலுள்ள உப்பு, மிகச் சூடான சுவரில்தான் முதலில் படியும். சுண்ணாம்புப் படிவின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அரை மி.மீ. படிவு, சுமார் 5 சென்டிமீட்டர் கூடுதல் அலுமினியத்துக்கு இணையான தடையை உண்டாக்கும். கஷ்டப்பட்டுச் சீராக்கிய பாதை ஒரு கோடைக்குள் பாழாகிவிடும்.

டிஸ்டில்டு வாட்டர் அல்லது டி.எம். வாட்டரோடு, அலுமினியத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் ஏற்ற அரிமானத் தடுப்பு சேர்ந்த கூலன்ட் வேண்டும். இரண்டு உலோகங்களும் ஒரே தண்ணீரைத் தொடும் என்ஜினில் அரிமானத் தடுப்பு தீர்ந்துபோனால் அலுமினியம்தான் முதலில் கரையும். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் உறைபனி பயமில்லை; எனவே கிளைக்காலின் அளவைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் கீழ் எல்லையில் வைக்கலாம். தண்ணீர் பங்கு கூடக்கூட வெப்பம் எடுக்கும் திறனும் கூடும்.

சோதனை: பட்டறை முதல் பந்தயத் தடம் வரை

திருத்திய ஹவுசிங்குகளைப் பொருத்துமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே காற்றழுத்தத்தில் வைத்து, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்கவேண்டும். பொருத்தியபின் முழு ஜாக்கெட்டையும் அழுத்தத்தில் பூட்டி, அழுத்தம் விழுகிறதா என்று கவனிக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் தேறிய என்ஜினை, சூடேற்றி ஆறவைத்து மீண்டும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். மயிரிழை விரிசல் பெரும்பாலும் இரண்டாவது சோதனையில்தான் மாட்டும். சீலின் நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால், ரேடியேட்டர் வாயில் எரியறையின் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் பார்க்கும் கருவி எளிய தீர்ப்பைத் தரும்.

அடுத்து டைனமோமீட்டர். ஒரகடத்தில் நாட்ரிப் திட்டத்தின் கீழ் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் பவர்டிரெயின் சோதனைக்கூடமும் சோதனைத் தடங்களும் இருக்கின்றன. அந்த அளவுக்குப் போகமுடியாதவர்கள் எந்த டைனோவிலும் ஒரு விதியைக் காப்பாற்றினால் போதும்: திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரே சுமை, ஒரே வேகம், ஒரே நேரம், அதே ஆறு அளவீட்டுப் புள்ளிகள்.

வானிலை வேறுபட்டால் ஒரு எளிய திருத்தம் உண்டு. 30 டிகிரி நாளில் கூலன்ட் 96 டிகிரியில் நிலைத்தால், காற்றுக்கும் கூலன்ட்டுக்கும் 66 டிகிரி இடைவெளி. அதே சுமையில் இந்த இடைவெளி ஏறக்குறைய மாறாது. எனவே கத்திரி வெயிலில் காற்று 42 டிகிரியைத் தொடும்போது கூலன்ட் 108 டிகிரிக்குப் போகும். வெறும் தண்ணீரும் 0.9 பார் மூடியும் இருந்தால் கொதிநிலைக்கு 11 டிகிரிதான் மிச்சம். டிசம்பரில் தேறிய என்ஜின் மே மாதத்தில் கொதிப்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான்.

இறுதிச் சோதனைக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990 முதல் நடத்திவரும் பந்தயத் தடத்தின் நீளம் 3.717 கி.மீ. நேர்ப்பாதையில் முழுச் சுமை, வளைவில் விடுதலை, மீண்டும் சுமை என்று மாறிமாறி வரும் சூடு, டைனோவில் கிடைக்காத பாடம். பிட்டுக்குள் வந்து என்ஜினை நிறுத்தியபின் வரும் அடுத்த சில நிமிடங்களையும் பதிவுசெய்ய வேண்டும். பம்ப் நின்றதும் ஹவுசிங்கில் தேங்கிய சூடு, நின்ற கூலன்ட்டுக்குள் பாய்கிறது. பிளக் பக்க அளவு அப்போது ஏறினால், என்ஜின் நின்றபின்னும் சிறிது நேரம் ஓடும் மின் பம்ப் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

கடைசியில் இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பாருங்கள்: திருத்தத்துக்கு முன் பிளக் பக்கத்துக்கும் உறிஞ்சும் பக்கத்துக்கும் இருந்த வெப்பநிலை வித்தியாசம், திருத்தத்துக்குப் பின் இருக்கும் வித்தியாசம். இரண்டாவது எண் குறைந்திருந்தால் வேலை வெற்றி. கூலன்ட் மானி மட்டும் இறங்கி, இந்த வித்தியாசம் அப்படியே இருந்தால் ஹவுசிங் இன்னும் வளைந்துகொண்டுதான் இருக்கிறது. தகடுகளைக் கழற்றி, மூன்றாவது வேலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.